குழிக்குள் வைத்த சந்தனம்

செப். 30, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது. ஷெட்டில் ஆயுத பூஜை. நாளையும் மறுநாளும் லீவு என்பதால் இன்றைக்கே முடித்தாகிவிட்டது.

வாங்கியது: பொரி, கடலை, வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், கற்பூரம், எலுமிச்சை. பூசணிக்காய் மட்டும் எப்போதும் சாதிக். பூந்தமல்லி மார்க்கெட்டில் அவனுக்கு ஆள் உண்டு. பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு மண்ணூர்பேட்டை வரை ஓட்டி வந்திருக்கிறான், பூசணிக்காய் தலையில் ஹெல்மெட்டோடு. "எனுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. இது ஒடைஞ்சா நீ உடுவியா?" கிறுக்கன். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவனும் நானும் இங்கே. பம்ப், வால்வு, பைப் எல்லாம் அவன். மீட்டர், அலாரம், பேனல் எல்லாம் நான்.

மதியம் வரை கழுவல். தரை, படி, பம்ப். ‘கிணறு’ மட்டும் ஈரத்துணியால் துடைத்தது. கிணறு என்று நாங்கள் சொல்வது இரண்டு மாடி உயர இரும்புக் குழாயை. உள்ளே மணற்பாறைத் துண்டுகள், சுற்றிலும் ஹீட்டர். பூமிக்கு அடியில் ஆழத்தில் பாறை எப்படிக் கொதித்துக்கொண்டிருக்குமோ அப்படி. அதற்குள் கரியமில வாயுவை அழுத்தி இறக்கினால், பாறையின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வந்து சின்ன டர்பைனைச் சுற்றும். ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். "பொகைய பொதைச்ச மாதிரியும் ஆச்சு, கரண்ட் எடுத்த மாதிரியும் ஆச்சு" என்று டாக்டர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. ஆராய்ச்சி டாக்டர், எங்கள் முதலாளி. வருகிறவர்களில் யாராவது ஒருவர் "பொதைச்சது மேல வந்துட்டா?" என்று கேட்டே தீருவார். உடனே டாக்டர் என் பக்கம் கை காட்டுவார். "தேவி மேடமோட சென்சார் இருக்கே. கொஞ்சம் கசிஞ்சாலும் கத்திடும்." எனக்குள்ளே ஒரு அரை அங்குலம் உயர்ந்துகொள்வேன்.

சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் என் பொறுப்பு. பேனல், கம்ப்ரசர், ஸ்பேனர்கள், கம்ப்யூட்டர், டீ ஃப்ளாஸ்க் வரை விடுவதில்லை. பம்ப் இருக்கும் குழிக்குள்ளும் இறங்கி வைத்தேன். அங்கே சுவரில் புதிதாக ஒரு வாயு சென்சார், இந்த வருஷம் மாட்டியது. வட்டமாக, முன்னால் சல்லடை மாதிரி ஒரு தகடு. பொட்டு வைக்கவென்றே செய்த நெற்றி. கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, நடுவே குங்குமம். அம்சமாக இருந்தது. வைத்ததைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரவேண்டும் என்பது எங்கள் ஷெட் வழக்கம்.

கற்பூரம் காட்டும்போது சா. (சாதிக்கை இப்படித்தான் சுருக்கி எழுதுவேன்) ஓரமாக நின்றான், எப்போதும் போல. பொரி வந்ததும் முதல் ஆள். "கடல கம்மிக்கா. அடுத்த வருசம் அதையும் எங்கையில குட்துரு."

சமையல் கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.


அக். 3, வெள்ளி

மறுபடி வேலை. ட்ரெயினில் கூட்டம் இல்லை. பாதிப் பேர் இன்றைக்கும் சேர்த்து லீவு போட்டிருப்பார்கள். பட்டரவாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ.

கிணற்றைச் சூடேற்ற ஆரம்பித்தாயிற்று. டாக்டருக்கு ஒரே அவசரம். தீபாவளி முடிந்ததும் கூட்டுச் சேரப்போகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் சரி என்றால் இரும்புக் குழாய் போய், நிஜ பூமியில், நிஜப் பாறையில் துளை.

லீவு கழித்து ஆரம்பித்தால் ஒவ்வொரு சென்சாரின் முகத்திலும் சோதனை வாயுவைப் பிடித்து, கத்துகிறதா என்று பார்க்கவேண்டும். மேலே இருப்பதற்குப் பிடித்தேன். கத்தியது. குழிக்குள் இருப்பதற்கு பேனலில் எண் சரியாக இருந்தது, பச்சை விளக்கு. இறங்கவில்லை. முட்டி வலி வேறு.

கேஸ் புக் பண்ணியாச்சு. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் போதும் என்கிறார் இவர். பார்ப்போம்.


அக். 6, திங்கள்

எழுத வரவில்லை. வரிசையாக எழுதினால் வரும்.

சாப்பாடு முடிந்து நான் பேனல் முன்னால். சா. வந்து, "பம்புல சீல் அழுவுற மாரி கீது, ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன்" என்று குழியில் இறங்கினான். குழி ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூட. ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. பேனலைப் பார்த்தேன். பச்சை. எண் சாதாரணம். எட்டிப் பார்த்தால் பம்பின்மேல் கன்னத்தை வைத்துக் கிடக்கிறான், தூங்குகிறவன் போல.

கரியமில வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தேங்கும். நிறம் இல்லை, நாற்றம் இல்லை. ஷெட்டில் எல்லோருக்கும் இதைப் பாடம் எடுத்தவள் நான்.

மெயினை அணைத்தேன். குழிக் காற்றை வெளியே தள்ளும் காற்றாடிக்குத் தனி லைன், அதைப் போட்டேன். மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மேலே ஹெல்பர்கள் கயிற்றோடு. அவன் இடுப்பில் முடிச்சுப் போடும்போது தலை நிமிர்ந்தது. நேர் எதிரே சுவரில் சென்சார். அதன் முகத்தில் என் சந்தனம். காய்ந்து, விளிம்புகூட உதிராமல், நடுவில் குங்குமத்தோடு.

அங்கேயே புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே. இதை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பிறகுதான் புரிந்தது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ். டாக்டர் கூடவே ஏறிக்கொண்டார். மற்றவர்கள் கேட் வரை ஓடினார்கள். நான் ஓடவில்லை. மறுபடி குழிக்குள் இறங்கி, துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்தேன். சல்லடை ஓட்டைகளில் அடைத்திருந்ததை ஊக்கால் நோண்டி எடுத்தேன். ஒரு துகள் விடாமல். தேவி வேலை என்றால் சுத்தமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அவன் பிழைப்பானா என்று தெரிவதற்கு முன்னால் இதைச் செய்தேன்.


அக். 7, செவ்வாய்

பிழைத்துவிட்டான். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிடுவார்களாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சா.வின் மனைவி மும்தாஜ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு முன் ஒரே ஒரு முறை, கம்பெனி ஆண்டு விழாவில் பார்த்தது. "நீங்க எறங்கலன்னா அவரு இல்லக்கா. எங்கம்மா சொல்லிச்சு, அது கூடப் பொறந்த மாரி, உட்றாதன்னு." என் இரண்டு கையும் அவள் கைக்குள். இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

சா. மெதுவாகப் பேசுகிறான். ஒரு வார்த்தை, அப்புறம் தேடல். "கொழில எறங்குனது தெரிது. அதுக்கு மின்னாடி இன்னா பண்ணேன்னு ஒண்ணும் தெர்லக்கா. காலீல இன்னா துன்னேன்னு கேட்டா முழிக்கிறேன்." நர்ஸ் சொன்னாள், அந்தக் கொஞ்ச நேரம் ஞாபகத்துக்கு வராமலே போகலாம் என்று.

மதியம் ஷெட்டுக்கு வந்தால் டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்து எனக்குக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

துப்பட்டாவில் மஞ்சள் போகவில்லை. எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன்.


அக். 8, புதன்

வாய் திறக்காமல் இருப்பதற்கு எனக்குக் கிடைத்த காரணங்கள்:

ஆள் பிழைத்துவிட்டான்.

யாரும் கேட்கவில்லை.

வேண்டுமென்று செய்ததில்லை. சாமிக்குச் செய்தது.

சொன்னால் வேலை போகும். இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் சென்சாருக்குப் பொட்டு வைத்துக் குருடாக்கினாள் என்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த கேட்டிலும் சிரிப்பார்கள்.

கசிந்தது சீல். சீல் என் டிபார்ட்மென்ட் இல்லை.

கடைசியாக எழுதியதைப் படிக்கவே கூசுகிறது. சீல் கசியும், மனுஷன் மறப்பான், அதற்காகத்தானே சென்சார். அதற்காகத்தானே நான்.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசை.


அக். 13, திங்கள்

விசாரணை. டாக்டரும், வெளியிலிருந்து வந்த பாதுகாப்பு ஆலோசகர் ஒருவரும். சா.வையும் வரச் சொல்லியிருந்தார்கள். முகம் வற்றிப்போயிருந்தது. சட்டை தொளதொளவென்று.

ஆலோசகர் முதலில் குழி சென்சாரைச் சோதித்தார். சோதனை வாயுவைப் பிடித்ததும் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. கத்தாமல் என்ன செய்யும், நான் அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கிறேனே. "சென்சார் பர்ஃபெக்ட்" என்றார். அப்படியானால் அன்றைக்கு ஏன் கத்தவில்லை? யாரோ பேனலில் மியூட் போட்டு அலாரத்தின் வாயை அடைத்திருக்கவேண்டும். பழைய பேனல். எதையும் பதிந்து வைத்துக்கொள்ளாது. மெயினை அணைத்துவிட்டால் மியூட்டில் இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது.

என்னால் முடியும். மியூட் போட்டிருந்தால் மஞ்சள் விளக்கு. நான் பார்த்தது பச்சை.

சா.வுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எல்லோருக்கும் தெரியும். மழை ஈரத்தில் சென்சார் சும்மா கத்தினால், எழுந்து போய் மியூட் போடுவான், கொஞ்சம் கழித்து எடுத்துவிடுவான். ஆலோசகர் அதைப் பிடித்துக்கொண்டார். ஹெல்பர் ஒருவன் என் பின்னால் கிசுகிசுத்தான். "சைலன்ட்ல போட்டுகினு ஒரு தூக்கம் போடலாம்னு பாத்துருப்பாரு." 

"சாதிக், அன்னிக்கு மியூட் போட்டீங்களா?" டாக்டர் கேட்டார், தன்மையாகத்தான்.

சா. யோசித்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாதவன், ஞாபகமும் இல்லாதவன், என்ன சொல்வான்? "தெர்ல சார். ஞாபகத்துக்கே வரல. ஆனா அது கத்தலன்னா... வேற யாரு சார் போடுவாங்க? நாந்தான் போட்டுகீறேன் போல." பிறகு சுற்றி நின்ற எல்லோரையும் பார்த்து, "மன்ச்சிக்கங்க. என்னால அக்காவும் உசுர பணயம் வச்சி எறங்குற மாரி ஆயிட்ச்சி" என்றான்.

தலையைக் குனிந்தபடி கை கூப்பினான். என்னைப் பார்த்து.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வாயில் நாக்கு இருந்தது. அந்த இடத்தில் பேசாதவள் மனுஷி இல்லை. பேசவில்லை.


அக். 15, புதன்

இவரிடம் சொல்லிவிட்டேன். காலையில், காய் நறுக்கிக்கொண்டே. இவர் ஆவடியில் லேத் பட்டறையில் வேலை, விரல் போனவர்களைப் பார்த்திருக்கிறார். கேட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"ஆளு நல்லா கீறான்ல?"

"இருக்கார்."

"அவனே ஒத்துகினான்ல?"

"ஞாபகம் இல்லாம ஒத்துக்கிட்டாருங்க."

"அத்த நீ போய் கெளறாத. அவனுக்கு ஒரு வார்னிங் குட்த்து உட்ருவாங்க. உனுக்குன்னா சீட்டு கிழிஞ்சிரும்."

என்மேல் உள்ள பிரியத்தில் சொன்னதுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டு டப்பாவை அவரே கட்டிக் கொடுத்தார்.


அக். 16, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. திருநின்றவூர் ஸ்டேஷன் ரோடு குளம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வார்னிங் இல்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: சா.வை அனுப்பிவிடுகிறார்கள். தீபாவளி கெட்டுப்போகக் கூடாதென்று, பண்டிகை கழித்துச் சொல்லப்போகிறார்களாம். அவனுக்கு ஏது தீபாவளி? பண்டிகை கெடக்கூடாதென்றது எங்களுக்கு.

அடுத்தது அதைவிட. "பாதுகாப்புப் பொறுப்பாளர்னு ஒரு போஸ்ட் போடச் சொல்லியிருக்காங்க. உங்களைத் தவிர எனக்கு வேற பேரே தோணல மேடம்." ஷிஃப்ட் ஆரம்பிக்குமுன் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசவேண்டும். தீபாவளி கழித்து ஷெட் திறக்கிற புதன்கிழமை முதல்.

தேங்க்ஸ் சார் என்றேன். என் வாயே சொன்னது அதை.

பாத்ரூமில் போய் அழுதேன். அழுகைகூட எனக்காகத்தான், அவனுக்காக இல்லை.


அக். 17, வெள்ளி

டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

காலையிலேயே, டீ வருவதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு. சந்தனம், சோதிக்காமல் விட்டது, பச்சை விளக்கு, துடைத்தது. ஒன்றுவிடாமல். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கோபப்படுவார் என்று பார்த்தால், முகம் களைத்துப்போனது.

"கூட்டுச் சேர்றவங்களுக்கு ரிப்போர்ட் போயிடுச்சு மேடம்" என்றார். "ஆள் தப்புன்னு போயிருக்கு. ஆள் தப்புன்னா, ட்ரெயினிங் குடுத்தோம், ஆளை மாத்தினோம்னு முடிஞ்சிடும். சென்சார் குருடாயிடுச்சுன்னு இப்போ மாத்தி எழுதினா, ஒரு பொட்டு வச்சா குருடாகிற சாமானை நம்பியா பூமிக்கடியில புதைக்கப் போறீங்கன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்ல?"

"சாதிக்?"

"வேற இடத்துல நானே சொல்லி வைக்கிறேன். நல்ல வேலைக்காரன்." பிறகு, "தீபாவளி போகட்டும். நானும் யோசிக்கிறேன், நீங்களும் யோசிங்க. யார்கிட்டயும் பேசிடாதீங்க."

கெட்ட மனுஷர் இல்லை. இந்தக் கிணற்றுக்காகத் தன் வீட்டையே மறந்தவர்.

வெளியே வந்தபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. சொல்லியாச்சு, இனி அவர் பாடு என்று. சாயங்காலம் ட்ரெயினில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கிவிட்டேன், நெமிலிச்சேரி தாண்டித்தான் விழிப்பு. அன்றைக்குப் பிறகு முதல் நல்ல தூக்கம். விழித்ததும் என் மேலேயே அருவருப்பு.


அக். 19, ஞாயிறு

தூறல். முறுக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். இவரிடம் பூந்தமல்லியில் ஜாக்கெட் வாங்கவேண்டும் என்று பொய். ஆவடி போய் பஸ். பண்டிகைக் கூட்டம், பை பையாக ஜனம்.

சா. வீடு மசூதிக்குப் பின்னால் சந்தில், மாடியில். மும்தாஜுக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரவில்லை நான். சா. தரையில் உட்கார்ந்து மிக்ஸி ஜாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், பிளேடு சரியாக முடுக்கியிருக்கிறதா என்று.

"இப்டிதாங்க்கா கீறாரு" என்றாள் மும்தாஜ். "அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காருவாரு, திரும்ப போயி பாப்பாரு. பைக்க நிறுத்திட்டு மேல வந்து, திரும்ப எறங்கி ஸ்டாண்ட பாப்பாரு. எங்கைய நானே நம்ப முடிலங்கிறாரு. எங்கண்ணன் துணிக்கடைல வந்து குந்துன்னு கூப்ட்டுகீது. மிஷினு பக்கமே போவ மாட்டேன்னுட்டாரு."

வேலை போகப்போவதைவிட இது பெரிது. யோசித்ததே இல்லை நான். அவன் கையை அவனிடமிருந்தே பிடுங்கியிருக்கிறேன்.

சொன்னேன். நின்றபடியே. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

சா. ஜாரைக் கீழே வைத்தான். "அப்ப நான் மியூட் போடல?"

"போடலை."

"நெஜமாக்கா? நல்லா பாத்தியா?"

"பச்சைதான் எரிஞ்சுது. என் கண்ணால பாத்தேன்."

"ஏய், நான் போடலையாம்!" பக்கத்திலேயே நிற்கிற மனைவியிடம், அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். சிரித்தான். உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான். என்மேல் கோபப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மும்தாஜ் சிரிக்கவில்லை. "எப்பக்கா தெரியும் உங்குளுக்கு?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா? அவர தூக்கும்போதேவா?"

"ஆமாம்."

"உடு மும்தாஜு" என்றான் சா. அவள் விடவில்லை. குரலும் உயரவில்லை. "ஆபிசுல சொல்லிட்டீங்களா?"

டாக்டரிடம் சொன்னதையும், அவர் பொறுக்கச் சொன்னதையும் சொன்னேன்.

"ரூமுக்குள்ள ஒருத்தரு கிட்ட. இங்க எங்க ஊட்டுக்குள்ள எங்க கிட்ட." தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "அவரு அத்தினி பேரு மின்னாடி கை கூப்பி நின்னுட்டு வந்தாரு. ஊட்டுக்கு வந்து ரெண்டு நாளு சாப்டல. அது எப்டி ஈடாவும்?"

டீ போட்டிருந்தாள், அது கேஸ் மேடையிலேயே இருந்தது. எடுத்து வந்து கொடுக்கவில்லை. அதுதான் நியாயம்.

இறங்கும்போது சா. படி வரை வந்தான். "அது கோவத்துல பேசுது, நீ மனசுல வச்சிக்காத" என்றான். "புதன்கெழம காலைல ஷெட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும்" என்றேன். எதற்கென்று கேட்கவில்லை. எனக்கே அந்தப் படியில்தான் தெரிந்தது.

ஜாக்கெட் வாங்காமல் வந்ததை இவர் கவனிக்கவில்லை.


அக். 20, திங்கள்

தீபாவளி. விடியுமுன் எண்ணெய்க் குளியல். முறுக்கு கருகிவிட்டது, இரண்டாம் ஈடு பரவாயில்லை. இவரிடம் புதன்கிழமை விஷயத்தைச் சொன்னேன். புதுச் சட்டையில் குங்குமம் தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "வேல போய்ரும்டி." தெரியும் என்றேன். "வாடக?" தெரியும் என்றேன். வெளியே போய் ரொம்ப நேரம் கழித்து வந்தார். சாப்பிட்டார்.

பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கொடுக்கவேண்டும், நாளைக்கு.

பயமாக இருக்கிறது. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், பயம்தான் நிஜமாக இருக்கிறது.


அக். 22, புதன்

மழை ஓய்ந்திருந்தது. மண்ணூர்பேட்டை தெருவெல்லாம் நனைந்த பட்டாசுக் காகிதம். முந்தைய ட்ரெயினில் போய்விட்டேன்.

பாதுகாப்புப் பொறுப்பாளராக என் முதல் பேச்சு. எல்லோரும் கிணற்றைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். டாக்டர் கையில் டீயோடு வந்து நின்றார். சா.வையும் மும்தாஜையும் கேட் அருகில் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. தலையை லேசாக, வேண்டாம் என்பது போல் அசைத்தார்.

ஆரம்பித்தேன். மெல்லிய குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு. "குழி சென்சார் மேல சந்தனம் வச்சது நான். அதனாலதான் அது கத்தல. லீவு கழிச்சு அதை நான் சோதிச்சுப் பாக்கல. சாதிக் மியூட் போடல, பச்சை விளக்கு எரிஞ்சதை நான் பாத்தேன். ஆம்புலன்ஸ் போனதும் இறங்கி சந்தனத்தைத் துடைச்சதும் நான்தான். அவர் உங்க எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டப்ப தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு நின்னேன்."

முடித்துவிட்டேன். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. டாக்டரைத் தவிர எல்லோரும் அப்படியே, இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள். ஏர் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு ஹெல்பர் காதில் கை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் கேக்கலக்கா, சத்தமா பேசு" என்றான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அதோடு விட்டுவிடலாம். ஹெல்மெட் போடுங்கள், ஷூ போடுங்கள் என்று ஏதாவது சொல்லி முடித்துவிடலாம். ஒரு நொடி அதையும் நினைத்தேன்.

சா. கேட்டிலிருந்து நடந்து உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் கம்ப்ரசரை நிறுத்தினான். நிறுத்திய கையை எடுத்து, மறுபடி தொட்டுப் பார்க்காமல், அங்கேயே நின்றான்.

ஷெட்டில் சத்தமே இல்லை. முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.